தாமே விழித்துத் தாமே உறங்கும் ஒலிக்கருவிகள்

முன்னாளில் வானொலிப் பெட்டியை நிறுத்துவது என்றால் ஒரு குமிழைத் திருகுவதே. 'டக்' என்னும் ஓசையோடு மின்னோட்டம் அறுந்துவிடும். பெட்டியும் முழுமையாக உறங்கிவிடும். இன்றைய ஒலிக்கருவிகள் அவ்வாறு உறங்குவதில்லை. கையிலுள்ள தொலைக்கட்டுப்படுத்தியை அழுத்தினால் பாட்டு நிற்கும். ஆனால் கருவியின் முகப்பில் சிறு செவ்வொளி ஒன்று எஞ்சியிருக்கும். மறுபடி எழுப்பும் கட்டளையைக் கேட்பதற்காகக் கருவி தன் செவியைத் திறந்து வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். அந்தச் செவிக்கும் மின்சாரம் வேண்டும்.

இச்சிறு செலவு எவ்வளவாகும்? பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ ஒரு வீட்டில் வானொலி, இசைத்தட்டு இயக்கி, ஒலியை வலுப்படுத்தும் விரியலாக்கி, தொலைக்காட்சி ஆகியன இருப்பதாகக் கொள்க. பழைய கருவிகளாயின், உறக்கநிலையில் அவை யாவும் சேர்ந்து 10 வாற்று மின்வலுவை உண்ணக்கூடும். இரவும் பகலும் அவ்வாறு கிடந்தால் முப்பது நாளில் 7.2 அலகு, ஓராண்டில் ஏறத்தாழ 88 அலகு. சிறு துளிதானே பெருவெள்ளம்! இலங்கையின் வீட்டு மின்கட்டணமோ படிமுறையானது. மாதப் பயன்பாடு 60 அலகைக் கடந்தால் கட்டண அட்டவணையே மாறி, நிலைக்கட்டணமும் அலகின் விலையும் உயரும். 57 அலகில் நிற்கவேண்டிய குடும்பம், எவரும் கேளாத கருவிகளின் பொருட்டு 64 அலகுக்குப் போய்விடுகிறது.

உலகமும் இக்குறையை அறியாமலில்லை. ஒரு கருவியின் உறக்கநிலைச் செலவு 1 வாற்றைத் தாண்டலாகாது என்று அனைத்துலக எரிசக்தி முகவரகம் 1999ஆம் ஆண்டில் முன்மொழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஏறத்தாழ அவ்வெல்லையையே சட்டமாக்கி, 2013இல் அதனை அரை வாற்றாகக் குறைத்தது. ஆயினும் அதற்கு முன் வாங்கிய கருவிகள் பல வீடுகளில் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இதற்குப் பரிகாரம், ஒரு கருவியை எழுப்பினால் ஏனையவை தாமே எழவும், அது உறங்கினால் அவையும் அடியோடு உறங்கவும் செய்வதாகும். இதன் தத்துவத்தை அறிய மன்னார்த் தீவின் தென்கரையைப் பார்த்தாலே போதும். 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலை நிலையத்தில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. காற்று வினாடிக்கு ஏறத்தாழ 3 மீற்றர் வேகத்தை எட்டினால் அவை தாமாகவே மின்னுற்பத்தியைத் தொடங்கும்; காற்று அளவுமீறி வீசினால் தாமாகவே நின்றுவிடும். முதலில் ஓர் அளவை அறிதல், அடுத்து அது எல்லையைக் கடந்ததா என நோக்குதல், பின்னர் செயற்படுதல் என்னும் மூன்று படிகளே எல்லாத் தன்னியக்க ஆளிகளுக்கும் அடிப்படை.

வீட்டில் இதனைச் செய்வது, பல குதைகள் கொண்ட ஒரு பெட்டி. அவற்றுள் ஒன்று தலைமைக் குதை. அதில் செருகிய கருவிக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பெட்டியினுள் உள்ள சிறு கம்பிச்சுருள் உணர்கிறது. அக்கருவி விழித்ததும் ஓட்டம் பெருகுகிறது. உடனே 'ரிலே' என்னும் மின்காந்த ஆளி மூடி, மற்றக் குதைகளுக்கு மின்சாரத்தை விடுகிறது. ஓட்டம் குறைந்ததும் ரிலே திறந்து, அவற்றை அடியோடு துண்டிக்கிறது. இதன் எல்லையளவு, தலைமைக் கருவியின் உறக்கச் செலவுக்கு மேலாகவும் விழிப்புச் செலவுக்குக் கீழாகவும் அமைதல் வேண்டும். அவ்விரண்டுக்கும் வேற்றுமை மிகக் குறைந்த கருவி தலைமைக்கு ஏற்றதன்று.

ஒழுங்கும் இன்றியமையாதது. விரியலாக்கி முன்னரே விழித்திருக்க, அதற்கு ஒலியை ஊட்டும் கருவி பின்னர் எழுந்தால், 'தொம்' என்றோர் அதிர்வு ஒலிபெருக்கியைத் தாக்கும். ஆகவே விரியலாக்கி கடைசியில் எழவும் முதலில் உறங்கவும் வேண்டும். எனவேதான் பெரிய மண்டபங்களில் கருவிகளைச் சில வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் பெட்டிகளைப் பொருத்துகின்றனர்.

வேறு சில விரியலாக்கிகள், பாட்டு வரும்போது தாமே எழுந்து, சில நிமிட நேரம் அமைதி நிலவினால் உறங்கிவிடுகின்றன. இது வசதியே, எனினும் ஒலி வருகின்றதா என்று காத்திருக்கும் அந்தச் செவிக்கும் மின்சாரம் செலவாகும். மிக மெல்லிய இசையை அமைதி என்று கருதி அவை இடையில் உறங்கிவிடுவதும் உண்டு.

கடலோர வீட்டார் மேலும் ஒன்றைக் கவனித்தல் நன்று. உப்பீரம் கலந்த காற்று உலோக முனைகளை அரிக்கும். அரித்த முனை சூடேறும்; சூடேறிய முனை தீக்கு வழிவகுக்கும். ஆதலின் பெட்டியைச் சாளரத்தின் அருகே வைக்காமலும், அதன் தாங்குதிறனுக்கு மேற்பட்ட கருவிகளைச் செருகாமலும் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. தன்னியக்க ஆளி மின்சாரத்தை நம்பி வாழ்வது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, எத்தகைய பெட்டியாலும் பயனில்லை. 2020 டிசம்பரில் 'புரேவி' புயல் வடக்கைக் கடந்து மன்னார் வளைகுடாவை அடைந்தது. அத்தகைய இரவில், கடலுக்குச் செல்லலாமா, கரையிலிருந்து அகலவேண்டுமா என்பதைக் குடும்பம் அறியவேண்டியிருக்கும். ஆதலின் மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்று, எந்தத் தலைமைக் குதைக்கும் கட்டுப்படாமல் தனித்து இருத்தல் வேண்டும். இசைக்கும் கருவிகள் தாமே உறங்கட்டும். எச்சரிக்கும் கருவியை எழுப்பும் அதிகாரம் மட்டும் மனிதரின் விரலிலேயே இருக்கட்டும்.