கட்டடக் கணக்கு – 9: வாடகை எங்கிருந்து வருகிறது?

நியூயார்க்கில் மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில், 14-வது தெருவிலிருந்து 23-வது தெரு வரை 80 ஏக்கரில் வரிசை வரிசையாகச் செங்கல் கட்டடங்கள் நிற்கின்றன. ஸ்டைவசன்ட் டவுன், பீட்டர் கூப்பர் வில்லேஜ் என்று பெயர். இரண்டும் சேர்ந்து 11,000-க்கும் மேற்பட்ட வீடுகள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் குடும்பங்களுக்கென்று மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனம் கட்டியவை. 2006 அக்டோபரில் டிஷ்மன் ஸ்பையர், பிளாக்ராக் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து இவற்றை 540 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டன. மூன்றே கால் ஆண்டில், 2010 ஜனவரியில், கடனைக் கட்ட முடியாமல் மொத்தக் குடியிருப்பையும் கடன் கொடுத்தவர்களிடமே ஒப்படைத்துவிட்டன.

ரியல் எஸ்டேட் பிரைவேட் ஈக்விட்டி, அதாவது பிறர் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களை வாங்கி விற்கும் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர் யாராக இருந்தாலும், முதலில் படிக்க வேண்டியது இந்த ஒரு கதையைத்தான் என்று நினைக்கிறேன். இந்த நிறுவனங்கள் எப்படிப் பணம் திரட்டுகின்றன, யாருடைய ஓய்வூதியம் இதில் போடப்படுகிறது என்பதையெல்லாம் முந்தைய வாரங்களில் பார்த்துவிட்டோம். இந்த வாரம் அந்த வேலைக்குள் நுழையும் வாசலைப் பார்ப்போம்.

ஸ்டைவசன்ட் டவுன் கணக்கைப் போட ஒரு தாளும் பேனாவும் போதும். வாங்கிய ஆண்டில் அந்தக் குடியிருப்பின் என்ஓஐ, அதாவது வாடகையிலிருந்து பராமரிப்பு, சொத்து வரி, காப்பீடு எல்லாம் போக மிஞ்சும் நிகர வருமானம், ஏறத்தாழ 11 கோடி டாலர். 540 கோடி கொடுத்து வாங்கிய சொத்து ஆண்டுக்கு 11 கோடி தருகிறது. வருமானத்தை விலையால் வகுத்தால் வருவதுதான் கேப் ரேட். இங்கே அது 2 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. எந்த ஆபத்தும் இல்லாத அமெரிக்க அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரமே ஒப்பந்தம் போட்ட அந்த மாதத்தில் 4.5 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் தலையில் ஏற்றிக்கொண்ட கடன் 440 கோடி. வட்டி 5 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 22 கோடி. வருமானத்தைப் போல இரண்டு மடங்கு வட்டி!

விவரம் தெரிந்தவர்கள் ஏன் இதைச் செய்தார்கள்? பெரும்பாலான வீடுகள் அரசின் வாடகைக் கட்டுப்பாட்டில் இருந்தன. பழைய குடியிருப்பாளர்கள் காலி செய்யச் செய்ய, வீட்டைப் புதுப்பித்துச் சந்தை வாடகைக்கு விடலாம். ஐந்தே ஆண்டில் வருமானம் மூன்று மடங்காகும் என்று கணக்குப் போட்டார்கள். அதுவரை வட்டியில் விழும் துண்டைச் சமாளிக்கத் தனியாகப் பணமும் ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் மக்கள் காலி செய்யவில்லை. மன்ஹாட்டனில் குறைந்த வாடகைக்கு வீடு கிடைத்தவர் ஏன் காலி செய்வார்? 2008-ல் நிதி நெருக்கடி வந்தது. 2009 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், வரிச் சலுகை பெற்றுக்கொண்டே வீடுகளை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. சொத்தின் மதிப்பு 200 கோடி டாலருக்கும் கீழே போனது. கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான கால்பர்ஸ் போட்ட 50 கோடி டாலரும் போனது.

எக்செல் தாளில் இந்தக் கணக்கு முழுவதும் சரியாகத்தான் இருந்திருக்கும். தவறு இருந்தது ஒரே ஒரு கட்டத்தில்: ஆண்டுக்கு எத்தனை வீடுகள் காலியாகும் என்ற அனுமானத்தில். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய சமையலறைகளும் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன என்று யோசிக்கக்கூடிய ஆளைத்தான் நல்ல நிறுவனம் தேடுகிறது.

இப்போது தேர்வுக்கு வருவோம். தொலைபேசியில் ஒரு சுற்று, நேரில் சில சுற்றுகள், நடுவில் எக்செல் தேர்வு. பொதுவாக இதுதான் வழக்கம். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’, ‘ஏன் ரியல் எஸ்டேட்?’ போன்ற கேள்விகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், அது போதும்.

தொழில்நுட்பக் கேள்விகளுக்குத்தான் மாணவர்கள் கேள்வி வங்கிகளை மனப்பாடம் செய்கிறார்கள். சொத்தை மதிப்பிட மூன்று வழிகள் என்ன? வருமானத்தை வைத்து, அக்கம்பக்கத்தில் விற்ற விலையை வைத்து, அதே கட்டடத்தை இன்று கட்ட ஆகும் செலவை வைத்து. இதை யாரும் ஒப்பித்துவிடலாம். அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொள்வார்கள்: “மூன்றும் மூன்று விலை சொன்னால் எதை நம்புவீர்கள்?” சந்தை விலை கட்டுமானச் செலவைவிட வெகுவாக ஏறியிருந்தால், பக்கத்து மனையில் யாராவது புதிதாகக் கட்ட ஆரம்பிப்பார்கள், உங்கள் குடித்தனக்காரர் அங்கே போவார். இதை யோசித்துச் சொல்பவர் அந்த அறையில் தனியாகத் தெரிவார்.

கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போடச் சொல்வார்கள். ஒரு கோடி டாலர் கட்டடம், என்ஓஐ 6 லட்சம். 60 லட்சம் கடன், 40 லட்சம் கைக்காசு. வட்டி 5 சதவீதம் என்றால் 3 லட்சம் வட்டிக்குப் போகும், மிச்சம் 3 லட்சம், கைக்காசுக்கு 7.5 சதவீதம் கிடைக்கிறது. வட்டி 7 சதவீதமானால் 4.2 லட்சம் போகும், மிச்சம் 1.8 லட்சம், வெறும் 4.5 சதவீதம். கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. கேப் ரேட்டைவிட வட்டி கூடினால் கடன் நமக்காக உழைப்பதை நிறுத்திவிட்டு நம் பணத்தைத் தின்னத் தொடங்குகிறது. இதே கட்டடத்தின் வருமானம் ஐந்து ஆண்டில் 7 லட்சமாக உயர்கிறது என்று வையுங்கள். விற்கும்போது சந்தை 7 சதவீத கேப் ரேட் கேட்டால் விலை என்ன? அதே ஒரு கோடிதான். ஐந்து ஆண்டு வாடகை உயர்வு முழுவதையும் ஒரு சதவீதம் விழுங்கிவிட்டது. ஐந்து ஆண்டில் பணம் இரட்டித்தால் ஐஆர்ஆர், அதாவது ஆண்டுக் கூட்டு வருவாய் விகிதம், ஏறத்தாழ 15 சதவீதம், மூன்று ஆண்டில் இரட்டித்தால் 26 என்பதும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

எக்செல் தேர்வு பெரும்பாலும் சில மணி நேரம். கட்டடத்தைப் பற்றிய குறிப்பு, கடன் விவரம், கூடவே ரென்ட் ரோல் என்ற வாடகைப் பட்டியலும் தருவார்கள். பலர் பட்டியலின் அடியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மாடல் கட்ட ஓடுவார்கள். நீங்கள் முதல் அரை மணி நேரம் எக்செல்லைத் திறக்கவே வேண்டாம். பட்டியலை வரி வரியாக வாசியுங்கள்.

ஒரு மாதிரிப் பட்டியலைப் பார்ப்போம். ஒரு லட்சம் சதுர அடி அலுவலகக் கட்டடம், பத்துக் குடித்தனக்காரர்கள். நான்காவது வரியில் ஒரு வழக்கறிஞர் நிறுவனம். 40,000 சதுர அடி, சதுர அடிக்கு ஆண்டு வாடகை 62 டாலர். ஒப்பந்தம் முடிய இன்னும் 20 மாதங்கள். இப்போது ஒன்பதாவது, பத்தாவது வரிகளைப் பாருங்கள். சென்ற ஆண்டு வந்தவர்கள்; அவர்கள் கொடுப்பது 48 டாலர். ஆக, இன்றைய சந்தை வாடகை 48தான். வழக்கறிஞர் நிறுவனம் தங்கினாலும் 62 கொடுத்துத் தங்காது. சதுர அடிக்கு 14 டாலர் வீதம் ஆண்டுக்கு 5.6 லட்சம் டாலர் குறையும். 7 சதவீத கேப் ரேட்டில் அது 80 லட்சம் டாலர் மதிப்பு. விற்பவர் அந்த 80 லட்சத்தையும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருப்பார். போய்விட்டாலோ, புதிய ஆள் வரும்வரை காலியாகக் கிடக்கும் மாதங்கள், உள்வேலைச் செலவு, தரகுக் கூலி எல்லாம் தனி. கொடுத்த நேரத்துக்குள் நீங்கள் கட்டும் மாடல் சுமாராக இருந்தாலும், இந்த நான்காவது வரியைக் கண்டுபிடித்து முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் அடுத்த சுற்றுக்கு அழைப்பு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அழகான மாடலில் இதைத் தவறவிட்டவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

“இதையெல்லாம் பழக எனக்குக் கட்டடம் எங்கே கிடைக்கும்?” என்று ஊரிலிருந்து படிக்கும் பிள்ளைகள் கேட்கலாம். கிடைக்கும். சென்னை வடபழனியில் இருக்கும் நெக்சஸ் விஜயா மாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2023 மே மாதம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட் என்ற ரெய்ட்டின், அதாவது வாடகை தரும் சொத்துகளை வைத்திருக்கும் முதலீட்டு அறக்கட்டளையின் சொத்து. அந்த டிரஸ்ட்டை உருவாக்கியது பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம். ரெய்ட் என்பதால் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, என்ன வருமானம் வருகிறது என்பதைப் பொதுவெளியில் சொல்லியே ஆக வேண்டும். அறிக்கையை இறக்கிப் படியுங்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியமும் ஒரு சனிக்கிழமை மாலையும் போய் நடந்து பாருங்கள். எந்தக் கடையில் பை தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள், எதில் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள், எந்த மாடியில் பலகை அடைத்த கடை இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்பனையில் ஒரு பங்கை வாடகையாக வாங்குவது மால்களில் வழக்கம் என்பதால், அந்தப் பைகள்தான் உரிமையாளரின் நாளைய வருமானம். வாசலிலிருந்து மெட்ரோ நிலையம் வரை நடந்து பாருங்கள். பார்த்ததையும் அறிக்கையில் படித்ததையும் சேர்த்து, இந்தச் சொத்தை என்ன விலைக்கு வாங்குவேன், எதற்கு மேல் போனால் விட்டுவிடுவேன் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நியூயார்க்கிலோ மும்பையிலோ தேர்வு அறையில் “ஏதாவது ஒரு முதலீட்டைச் சொல்லுங்கள்” என்று கேட்கும்போது, மற்றவர்கள் செய்தித்தாளில் படித்த பெரிய ஒப்பந்தங்களைச் சொல்வார்கள். நீங்கள் நடந்து பார்த்த இடத்தைச் சொல்வீர்கள்.

சொல்லி முடித்ததும் அநேகமாக இந்தக் கேள்வி வரும்: “இதில் உங்கள் பணம் எப்படிப் போகும்?” சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு காரணத்தைச் சொல்லுங்கள். அது நடந்தால் வருமானம் எவ்வளவு குறையும், அப்போதும் வட்டி கட்ட முடியுமா என்பதை எண்ணோடு சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் அந்த எண்ணை மறுத்தால், அவர் சொல்லும் எண்ணைப் போட்டு அங்கேயே மறுபடி கணக்கிடுங்கள். விடை மாறினால் “அப்படியானால் நான் வாங்க மாட்டேன்” என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

அடுத்த வாரம்: லாபத்தை யார் முதலில் எடுத்துக்கொள்வது?

(தொடரும்)