எலிக்குத் தீர்ந்தது சர்க்கரை வியாதி! மனிதனுக்கு?

"இந்த ஊசிக்கு ஒரு முடிவே கிடையாதா?"

மேலூரானாலும் சரி, மேலமாசி வீதியானாலும் சரி, இன்சுலின் போடும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் மருந்தை மண்பானைக் குளிர்ச்சியில் வைத்துக் காப்பாற்றுகிற பாடு வேறு.

எலிகளுக்கு முடிவு வந்துவிட்டது. அதுவும் 50 வருஷத்துக்கு முன்பே!

10 லட்சம் திட்டுகள்

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது கணையம். அதற்குள் சுமார் 10 லட்சம் குட்டித் திட்டுகள். எல்லாம் சேர்ந்தாலும் கணையத்தின் எடையில் 100-ல் 1 அல்லது 2 பங்குதான். இன்சுலின் சுரப்பது இவைதான். இங்குள்ள இன்சுலின் செல்கள் அழிந்தால் வருவது முதல் வகை சர்க்கரை வியாதி. சின்னப் பிள்ளைகளையும் அது விடுவதில்லை.

1972-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பாலிஞ்சர், லேசி என்ற 2 டாக்டர்கள், மருந்து கொடுத்து எலிகளுக்குச் சர்க்கரை வியாதியை வரவழைத்தார்கள். பிறகு வேறு எலிகளின் கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து அவற்றின் உடலில் வைத்தார்கள். சர்க்கரை மளமளவென்று இறங்கியது! மறு வருஷம், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் திட்டுகளைச் செலுத்தியபோது, எலிகளின் சர்க்கரை சாதாரண அளவுக்கே வந்துவிட்டது.

விரட்டும் உடம்பு

அப்படியானால் மனிதனுக்கு ஏன் இத்தனை தாமதம்?

சோதனை எலிகள் ஒரே வம்சம்; இரட்டைப் பிறவி மாதிரி. ஒன்றின் செல்லை இன்னொன்று ஏற்றுக்கொள்ளும். மனித உடம்போ அடுத்தவர் செல்லைக் கண்டதும் விரட்டி அடிக்கும். 2000-ல் கனடாவின் எட்மன்டன் நகரில் 7 பேர் ஊசியிலிருந்து விடுபட்டார்கள். ஆனால் உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையை விடவே கூடாது. அந்த மாத்திரையால் நோய்த் தொற்று பயம். இறந்தவர்கள் தானம் தரும் கணையமும் லேசில் கிடைப்பதில்லை. ஒரு ஆளுக்கே 2 கணையம்கூடத் தேவைப்பட்டது.

இப்போது மூலச் செல்லிலிருந்து திட்டுகளை வளர்க்கிறார்கள். 2025-ல் வெளியான முடிவு: முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருஷம் கழித்து இன்சுலின் போடவில்லை. மாத்திரை மட்டும் போனபாடில்லை.

அதே 2025-ல் சுவீடனிலிருந்து இன்னொரு சேதி. எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாதபடி மரபணுவை மாற்றிய திட்டுகளை ஒரு நோயாளியின் முன்கையில் வைத்தார்கள். மாத்திரையே இல்லை. 12 வாரம் கழித்தும் செல்கள் உயிரோடு இன்சுலின் சுரந்தன! வைத்தது கொஞ்சம்தான், அவருக்கு ஊசி நிற்கவில்லை.

மதுரையில் அதிகம் பேருக்கு இருப்பது இரண்டாம் வகை. இந்தச் சிகிச்சை அவர்களைக் குறிவைத்தது அல்ல.