ஆள் சாட்சி எப்படி?

நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கும்போது படிப்பு, வேலை, வீடு, விளை எல்லாம் விசாரித்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: "ஆள் சாட்சி எப்படி?" கோயிலுக்கு ஒழுங்காக வருகிறானா, குடிப்பானா, கைமாற்று வாங்கினால் திருப்பித் தருகிறானா, பெற்ற தாயிடம் எப்படிப் பேசுகிறான் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஊர் உபதேசியார். "நல்ல பையன்தான்" என்பார். அந்தத் 'தான்' எவ்வளவு நீளமாக இழுபட்டது என்பதை வைத்தே பெண் வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள்.

கல்யாணம் நிச்சயமானாலும் விசாரணை முடியாது. மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர் படிக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா தலை நிமிரமாட்டார். ஆட்சேபம் பெரும்பாலும் கோயிலுக்குள் எழும்பாது; ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் எழும்பும். "ஐயரே, ஒரு சங்கதி" என்று யாராவது ஒரு அண்ணாச்சி ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டால் அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு ஓலை உண்டா என்பது சந்தேகந்தான்.

ஊரைவிட்டு இலங்கைத் தோட்டத்துக்கோ பம்பாய்க்கோ மதராஸுக்கோ பிழைக்கப் போனவர்கள் சேகர குருவிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் எங்கள் சபையார், திடப்படுத்தல் பெற்றவர், நற்கருணையில் பங்கு பெறுகிறவர் என்று நாலு வரி. புது ஊரில் முகம் தெரியாத சபையில் உட்கார அதுவே போதும். இந்த வழக்கம் சபையின் வயதே ஆனது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16-ம் அதிகாரத்தைப் பவுல் தொடங்குவதே கெங்கிரேயா சபையின் பெபேயாளுக்குச் சிபாரிசு சொல்லித்தான். பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்த அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்திலும் முதலில் கேட்கப்பட்ட தகுதி நற்சாட்சி. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: சபையை நடத்துகிறவரைப் பற்றிச் சபைக்கு வெளியே இருக்கிறவர்களும் நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வதில் என்ன செலவு? அடுத்த தெருக்காரர் சொல்ல வேண்டும். அங்கேதான் இடிக்கும்.

அந்த வெளியார் சாட்சிக்குத் தமிழ்நாட்டில் சுவார்ட்ஸ் ஐயரைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1750-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர். திருச்சியிலும் தஞ்சாவூரிலுமாக ஆயுசு முழுவதும் இங்கேயே கழித்தவர். 1779-ல் ஹைதர் அலியின் மனம் அறிந்துவரக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. கம்பெனிக்காரர்கள் பேச்சில் ஹைதருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். மறு வருஷம் போர் மூண்டு ஹைதரின் குதிரைப்படை ஊர் ஊராகச் சூறையாடியபோது, இந்தப் பாதிரியாரை மட்டும் தொந்தரவில்லாமல் போகவிட வேண்டும் என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து புறப்படும்போது வழிச்செலவுக்கு என்று ஹைதர் தந்தது 300 ரூபாய். மறுத்தால் மரியாதைக் குறைவு, வைத்துக்கொண்டால் பேச்சுக்கு இடம். சுவார்ட்ஸ் அதை அப்படியே கம்பெனி நிர்வாகத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பேருக்கு என்ன விலை என்பது தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் நெல் இருந்தது. சுமந்து வர மாடும் இருந்தது. ஆனால் கொண்டுவர ஒருவரும் தயாராக இல்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்கு ஒழுங்காகப் பணம் கிடைக்கவில்லை, அதுதான் காரணம். ராஜாவின் வாக்கும் செல்லவில்லை, கம்பெனியின் வாக்கும் செல்லவில்லை. பட்டினி கிடந்தவர்கள் தெருவில் விழுந்து செத்தார்கள். கடைசியில் ராஜா சுவார்ட்ஸைக் கூப்பிட்டார். பணத்துக்கு நான் பொறுப்பு என்று அவர் கிராமங்களுக்குச் சொல்லியனுப்பினார். கோட்டைக்குள் வந்து சேர்ந்த நெல் 80,000 கலம். பேசினபடி அத்தனை பேருக்கும் பணம் கொடுத்தனுப்பினார். அந்த நெல்லைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய பிரசங்கத்தை ஒருநாளும் கேட்டிராத குடியானவர்கள் என்பதுதான் நான் இதில் கவனிப்பது. 1798-ல் அவர் இறந்த பிறகு, அவர் பாதுகாப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். கட்டிலில் கிடக்கும் கிழவரின் அருகே மன்னர் நிற்கும் அந்தச் சிற்பம் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய கோயிலில் இன்றும் இருக்கிறது. சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. வெளியார் சாட்சி என்றால் அதுதான்.

பழைய காலத்தைப் பொற்காலம் என்று எழுதிவிட்டுப் போகலாம். மனசு வரவில்லை. அந்தக் காலத்துச் சபை ஒழுங்கு எல்லார் தோளிலும் ஒரே கனமாக இறங்கியதில்லை. தப்பு செய்தவரை நற்கருணையிலிருந்து விலக்கிவைப்பார்கள். சில ஊர்களில் சபை முன்னால் நிறுத்தி அறிக்கை செய்ய வைப்பார்கள். பனையேறி குடித்தால் விலக்கு. பெரிய வீட்டுக்காரர் குடித்தால் அவருக்கு 'உடம்புக்குச் சரியில்லை'. பையன் எங்கே சுற்றினாலும் வயசு. பெண்பிள்ளை ஒருவனோடு நின்று பேசினால் குடும்பத்துச் சாட்சியே போயிற்று. 'நல்ல குடும்பம்' என்ற பேச்சுக்குள் ஜாதி எத்தனை முறை ஒளிந்துகொண்டு வந்தது என்பதை நம்மில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிளாரிந்தா கதை இதற்கு நல்ல பதில். மராட்டிய பிராமணப் பெண், இளம் விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு கல்யாணமில்லாமல் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்துப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். அந்தச் சபை கிளாரிந்தாவின் முயற்சியால் கூடியது. 1785-ல் அவர் கட்டிய கோயிலுக்குப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் பெயர். நெல்லைத் திருச்சபையின் தாய் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்த அம்மாளைப் பற்றி 1775-ல் யாராவது "சாட்சி எப்படி?" என்று கேட்டிருந்தால் உபதேசியார் என்ன சொல்லியிருப்பார்! ஆயக்காரர் வீட்டில் சாப்பிடுகிறவர் என்று பேரெடுத்த ஒருவரைப் பின்பற்றுகிறோம் என்பதும், எல்லாரும் உங்களைப் புகழ்ந்தால் அது உங்களுக்குக் கேடு என்று லூக்கா 6-ம் அதிகாரத்தில் எச்சரித்தவரும் அவரே என்பதும் ஊர் வாய்க்குப் பயந்தவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை.

இப்போதும் ஓலை வாசிக்கிறோம். மாப்பிள்ளை ஹூஸ்டனில் இருக்கிறார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு சபையில் அவரைப் பார்த்தவர் இல்லை. தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றால் எவர் அறிவார்? மேட்ரிமோனி தளத்தில் 'மீண்டும் பிறந்தவர்' என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டிருக்கிறார், அதுதான் சாட்சி. ஐயர் தரும் கடிதத்துக்கு மட்டும் கிராக்கி குறையவில்லை. வருஷம் முழுக்கக் கோயில் பக்கம் தலைகாட்டாத குடும்பம் காலேஜ் அட்மிஷன் சமயத்தில் சங்கக் காணிக்கை பாக்கியை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பாதிரியார் வீட்டு வாசலில் நிற்கும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் சபையின் சிபாரிசுக்கு மதிப்பு உண்டு. பிள்ளையின் எதிர்காலம் என்று பெற்றவர்கள் கண்கலங்கினால் எந்த ஐயர் மறுப்பார்? 'சபையில் ஆர்வமாகப் பங்குபெறுகிறவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு தரப்பும் சேர்ந்து சொல்லும் சின்னப் பொய். இதனால் உலகம் அழிந்துவிடாது. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு இனி என்ன மதிப்பு?

மத்தேயு 18-ம் அதிகாரத்தில் ஒரு முறை இருக்கிறது. சகோதரன் தப்பு செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்புறம்தான் சபைக்குச் சொல். இதைத் தலைகீழாக்கியாயிற்று. முதலில் யூடியூப், அப்புறம் வாட்ஸ்அப் குழு, அப்புறம் கமிட்டி. சம்பந்தப்பட்டவருக்கு விஷயம் தெரிவது கடைசியில். திருமண்டலப் பெருமன்றத் தேர்தல் வந்தால் ஒரு அணி இன்னொரு அணியைப் பற்றி அடிக்கும் நோட்டீஸை வீட்டில் பிள்ளைகள் கையில் படாமல் வைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில் இருக்கும் ஆபத்து இன்னும் பெரியது. கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படக்கூடாது என்று சொல்லி மூடி மறைப்பது. சென்னையில் பிறந்து உலகம் முழுவதும் பேர்பெற்ற பிரசங்கியார் ரவி சகரியாஸ் 2020 மே மாதம் இறந்தபோது அவரைப் புகழாத கிறிஸ்தவ மேடை இல்லை. ஓராண்டுகூட ஆகவில்லை. அவருடைய ஸ்தாபனமே நியமித்த வழக்கறிஞர்கள், அவர் பல பெண்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருந்தார் என்று 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார்கள். அதற்குச் சில வருஷங்கள் முன்பே ஒரு பெண் புகார் சொல்லியிருந்தார். ஸ்தாபனம் அந்தப் பெண்ணை நம்பவில்லை. சகரியாஸின் பேரைத்தான் நம்பியது. பிறகு மன்னிப்புக் கேட்டது. பேரைக் காப்பாற்றப் போட்ட மூடிதான் பேரையும் கெடுத்தது, காயப்பட்டவர்களையும் இரண்டாம் முறை காயப்படுத்தியது.

அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரகாம் இதில் முந்திக்கொண்டவர். 1956-ல் அவர் பாளையங்கோட்டைக்கே வந்து பிரசங்கம் செய்தது பழைய ஆட்களுக்குத் தெரியும். அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1948-ல், கலிஃபோர்னியாவின் மொடஸ்டோ ஊரில் அவரும் கூட்டாளிகளும் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எதில் எதில் விழுகிறார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். பணம், பெண் விவகாரம், கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிச் சொல்வது, உள்ளூர்ச் சபைகளைப் பழித்துப் பேசுவது. நாலுக்கும் தங்களுக்குத் தாங்களே வேலி போட்டுக்கொண்டார்கள். மனைவியல்லாத பெண்ணோடு தனியாகச் சாப்பிடுவதில்லை என்ற அவர்களுடைய விதி இன்றைய அலுவலகங்களில் பெண்களுக்கு அநியாயம் என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் தங்கள் யோக்கியதையின்மேலேயே சந்தேகப்பட்டு வேலி போட்டார்களே, அந்தப் புத்தி வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நம் ஊர் ஃப்ளெக்ஸ் போர்டுகளில் போடுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மொடஸ்டோ ஞாபகம் வரும்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் ஒழுக்கம் குறைந்துபோனதில் இல்லை என்பது என் எண்ணம். அன்றைக்கும் திருடினார்கள், குடித்தார்கள். ஆனால் ஒருவரைப் பற்றிச் சாட்சி சொன்னவர்கள் அவரைத் தினமும் கிணற்றடியிலும் கடையிலும் பார்த்தவர்கள். இன்றைக்குப் பேர் தூரத்திலிருந்து வருகிறது. பெயருக்கு முன்னால் ஒரு 'டாக்டர்', பின்னால் ஒரு கேமரா. கிட்டே இருந்து கேள்வி கேட்கிறவர்களைத்தான் பலருக்குப் பிடிப்பதில்லை. நாமே நம்மைக் கேட்காமல் விட்டதால் கேட்கிற வேலை கோர்ட்டுக்குப் போய்விட்டது. தென்னிந்தியத் திருச்சபையின் சினாட் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்ததையும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதையும் பேப்பரில் படித்தோம். 1947-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த சபை. வெளியார் சாட்சி என்று பவுல் சொன்னது நிச்சயம் இந்த மாதிரிச் சாட்சியை அல்ல.

பவுலே எருசலேம் சபையின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது பணத்தைத் தனியாகத் தொடவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்பினார். 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது என்றால் நம் சபைப் பொருளாளருக்குத் தேவைப்படாதா? ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் சபையில் வருஷாந்தரக் கூட்டம் நடக்கும்போது கணக்கு வாசிக்கிற நேரம் பார்த்துச் செருப்பைத் தேடாதீர்கள். உட்காருங்கள். புரியாத ஒரு செலவைப் பற்றி, குரலை உயர்த்தாமல், ஐயர் முகத்தைப் பார்த்தே ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த வருஷம் நீங்களே கமிட்டியில் இருந்தால், அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறவரைப் பகைக்காமல் ரசீதை எடுத்துக் காட்டுங்கள்.