அகர் பட்டறையின் அடுக்களையில்

வாங்க, சத்தம் போடாம உள்ளே வந்துருங்க! அசாம், ஹோஜாய். அகர் எண்ணெய் வடிக்கிற பட்டறை. நம்ம நெய்யூருக்குப் பக்கத்து இரணியல் வழியா கன்னியாகுமரிக்கு ஓடுகிற விவேக் எக்ஸ்பிரஸ் இந்த ஊரைத் தாண்டித்தான் வருது. துபாய் கடைகளில் வெல்வெட் பெட்டிக்குள் ‘ஊத்’ என்று மினுக்குகிறதே, அதற்குப் பிறந்த வீடு இது. காலைப் பார்த்து வைங்க, தரையெல்லாம் மரச்செதில்.

முற்றத்தில் சாக்கு விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு சின்ன உளி. வெள்ளை மரத்தைச் சுரண்டித் தள்ளி, கறுப்பை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். வெள்ளைக்கு மணமே கிடையாது. புழு தண்டைத் துளைக்க, அந்த ஓட்டையில் பூஞ்சை ஏற, தன்னைக் காத்துக்கொள்ள மரம் பிசின் சுரந்தால்தான் அகர். நோய் வராத மரத்தை இங்கே யாரும் சீந்துவதில்லை! “எங்களுக்கு முன்னாடி புழுவுக்குச் சம்பளம் குடுக்கணும்” என்கிறார் ஒரு அக்கா. மொழிபெயர்த்தவன் கேரளத்துப் பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பிய பையன். வாய்க்கு வாய் ‘சேட்டா’தான். எல்லைக்காரனான எனக்கு அந்த அரைகுறை மலையாளமே தாராளம்.

அடுத்த கொட்டகையில் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். செதிலை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார்கள். நம்மூர்க் குளத்தில் தேங்காய்க் கதம்பை ஊறுமே, அதே நாற்றம்! இதையா ராஜாக்கள் கேட்டு வாங்கினார்கள்? ஆமாம். இந்தப் பகுதியை ஆண்ட காமரூப மன்னன் பாஸ்கரவர்மன் பேரரசர் ஹர்ஷருக்கு அனுப்பிய பரிசுகளில் அகரும் உண்டு, அகர்ப்பட்டையில் எழுதிய ஏடுகளும் உண்டு என்று ஹர்ஷரின் அவைக்கவி பாணபட்டர் எழுதியிருக்கிறார். சங்கப் பெண்கள் கூந்தல் உலர்த்திய அகில்புகையும் இந்த வம்சம்தான்.

ஊறிய செதில் வேகிற கொப்பரைப் பக்கம் வெக்கை ஆளைத் தள்ளுகிறது. நாள்கணக்கில் அடுப்பு அணையக்கூடாது. பனியன் பிழியப் பிழிய நனைந்த ஒரு பெரியவர், நீரில் மிதக்கும் எண்ணெயை உள்ளங்கையால் ஒற்றி, பாத்திர விளிம்பில் வழிக்கிறார். கையில் ஒட்டிய மிச்சத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டு கண்ணடிக்கிறார். “போனஸ்!”

எனக்கும் மணிக்கட்டில் ஒரு தீற்றல் கிடைத்தது. முதல் மூச்சில் அப்பட்டமான மாட்டுத்தொழுவம். கொஞ்சம் பொறுங்கள்... புகை, தோல், பிறகு தேன்! இந்த முரட்டுத்தனம்தான் மேற்கத்திய வாசனைக்காரர்களையும் மயக்கியது. 2002இல் இவ் சான் லோரான் ‘எம்7’ கொண்டுவந்தது, 2007இல் டாம் ஃபோர்டு ‘ஊத் வுட்’. தேவை ஏறியதில் காட்டுமரம் இன்னும் அருகிப்போனது. 1995 முதலே இந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தக் கட்டுப்பாடு உண்டு. இப்போது அசாமில் வீட்டுத் தோட்டங்களிலேயே நட்டு வளர்க்கிறார்கள்.

கிளம்பும்போது பையன் என் சட்டையை முகர்ந்து பார்த்தான். “துவைக்காதே சேட்டா, ஊரில் ஏலம் போடலாம்.”