உள்ளே இழுக்கும் ஓட்டை

காரில் ஆயில் ஒழுகினால் தரையில் கறை தெரியும். இன்டேக் பக்கத்தில் ஏர் லீக் வந்தால் எதுவும் சிந்தாது. வெளிக்காற்றுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்சுவதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளியே உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு ரப்பர் ஹோஸில் சிறு வெடிப்பு விட்டால் போதும்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பல கார்களில் ஏர் ஃபில்டரை அடுத்துள்ள ஏர்ஃப்ளோ சென்சார் காற்றை அளக்க, என்ஜினின் கணினியான ஈசியு அதற்கேற்ப பெட்ரோல் விடுகிறது. சென்சாரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது. கலவையில் பெட்ரோல் போதாமல் 'லீன்' ஆகி, ஐடிலிங் தடுமாறும். ஸ்கேனரில், கலவை லீன் என்று சொல்லும் பி0171 கோட் வரும். அதைக் கண்டதுமே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. பாவம், அது உள்ளதைத்தான் சொன்னது.

மாற்றும்முன் ஃப்யூவல் ட்ரிம்மைப் பார்க்கலாம். பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கிறது என்று ஈசியு வைத்திருக்கும் கணக்கு அது. ஐடிலிங்கில் +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் +3க்கு இறங்கினால் ஏர் லீக்தான் என்று ஏறக்குறைய உறுதி. த்ராட்டில் திறந்ததும் உறிஞ்சும் விசை குறைகிறது, முறையாக வரும் காற்றும் பெருகுகிறது. திருட்டுக் காற்றின் பங்கு சுருங்கிவிடுகிறது. மாறாக, வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப் பக்கம் தேட வேண்டும். ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பதில் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் கார்களில் இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. அங்கே கூடுதல் காற்றையும் அழுத்தமாக உணர்ந்து ஈசியு பெட்ரோலைக் கூட்டிவிடும். ஐடிலிங்தான் ஏறி நிற்கும்.

சந்தேகப்படும் இடத்தில் கார்ப் கிளீனர் அடித்து, ஓட்டம் மாறுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். சூடான என்ஜின்மேல் தீப்பற்றும் திரவத்தை அடிப்பது எனக்கு உவப்பில்லை. அதைவிட ஸ்மோக் மெஷின் மேல். என்ஜினை அணைத்து, இன்டேக் வாயை அடைத்து, மினரல் ஆயில் புகையை ஒரு பிஎஸ்ஐக்கும் குறைந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். பிசிவி ஹோஸின் அடிவளைவு, இன்ஜெக்டர் ஓ-ரிங், மேனிஃபோல்டு கேஸ்கெட் என்று எங்கே ஓட்டையோ அங்கே புகை கிளம்பும். குளிர்ந்த என்ஜினில் செய்வது நல்லது. சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும் கேஸ்கெட்டும் அப்போது அகப்படும்.

புகைக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு: மேனிஃபோல்டின் உறிஞ்சலால் இயங்கும் பிரேக் பூஸ்டர். அதன் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு புகையை உள்ளே விடாது. என்ஜின் ஓடும்போது அந்த ஹோஸை நெருக்கிப் பிடித்ததும் ஐடிலிங் சீரானால், கிழிந்திருப்பது பூஸ்டரின் டயஃப்ரம். பிரேக் பெடலும் கல்லாக இறுகியிருந்தால், ஐடிலிங்கைப் பற்றிய கவலை அப்புறம். முதலில் வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.