புலம் என்ற சொல்: வெக்டர் கணிதம் குறித்து

நம் கட்டுரைகளில் ‘புலம்’ என்ற சொல் தாராளமாய்ப் புழங்குகிறது. அதிகாரப் புலம், அறிவுப் புலம், பண்பாட்டுப் புலம். இயற்பியலில் இச்சொல்லுக்குப் பின்னால் ஒரு கணிதம் இருக்கிறது. அதைத் தொடாமலே நாம் உருவகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

நியூட்டன் வழிவந்த இயற்பியலில் விசை என்பது இரு பொருள்களுக்கு இடையிலான விவகாரம். நடுவில் இருப்பது வெற்றுவெளி. கொல்லரின் மகனாகப் பிறந்து, லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் ஏழு வருஷம் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே (1791–1867) இதை ஏற்கவில்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிவரியாய் நிற்பதைக் காட்டி, விஷயமே அந்த நடுவெளியில்தான் என்றார். அவருக்குக் கணிதப் பயிற்சி கிடையாது. அவருடைய விசைக்கோடுகளை மாக்ஸ்வெல் கணிதமாக்கினார். அவருக்கு 1857இல் எழுதிய கடிதத்தில் ஃபாரடே கேட்கிறார்: இம்முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா?

சொல்லிப் பார்க்கலாம். ஓடும் ஆற்றில் ஒவ்வொரு புள்ளியிலும் நீருக்கு ஒரு வேகமும் திசையும் உண்டு. இதுதான் வெக்டர் புலம். இதனிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். ஒரு புள்ளியைச் சுற்றிச் சின்னக் கூடு ஒன்றைக் கற்பனை செய்தால், உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகமா? அதிகமென்றால் அங்கே ஊற்று இருக்கிறது, குறைவென்றால் வடிகால். இது டைவர்ஜன்ஸ். அதே புள்ளியில் துடுப்பு வைத்த சிறு சக்கரத்தை வைத்தால் சுழலுமா? இது கர்ல். கரையோரம் நீர் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் போகும். நேராக ஓடுவதாகத்தான் தெரியும், சுழி எதுவும் இருக்காது. ஆனாலும் கரைக்கும் நடுவுக்கும் இடையில் வைத்த சக்கரம் சுழலும்.

மின்காந்தவியல் இந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்தான். மின்புலத்துக்கு நேர்மின்னூட்டம் ஊற்று, எதிர்மின்னூட்டம் வடிகால். காந்தப்புலத்துக்கு இரண்டுமே இல்லை. காந்தத்தை எத்தனை துண்டாக்கினாலும் ஒவ்வொன்றிலும் இரு துருவமும் இருக்கும். மாறும் காந்தப்புலம் தன்னைச் சுற்றி மின்புலத்தைச் சுழலவைக்கிறது. டைனமோவின் சூட்சுமம் இதுவே. மின்னோட்டமும் மாறும் மின்புலமும் காந்தப்புலத்தைச் சுழலவைக்கின்றன. ஒன்றையொன்று இப்படிப் பிறப்பித்துக்கொண்டே போவதுதான் அலை. அதன் வேகத்தைக் கணக்கிட்டால் ஒளியின் வேகம் வருகிறது. 1888இல் ஹெர்ட்ஸ் அந்த அலையைப் பரிசோதனையில் காட்டினார்.

1865இல் மாக்ஸ்வெல் எழுதியவை 20 சமன்பாடுகள். அவற்றை நாம் அறிந்த நான்காகச் சுருக்கியதில் முக்கியமானவர் ஆலிவர் ஹெவிசைட். பல்கலைக்கழகப் படி மிதிக்காதவர், தந்தி ஆபரேட்டராக இருந்தவர், காது மந்தம். ‘எலக்ட்ரீஷியன்’ என்ற தொழில் வார இதழில் எழுதினார். 1887இல், வாசிக்க ஆளில்லை என்று தொடரை நிறுத்திவிட்டார்கள். நமக்குத் தெரியாத கதையா இது! அமெரிக்காவில் கிப்ஸ் இதே வெக்டர் மொழியைத் தனியே உருவாக்கி மாணவர்களுக்காக அச்சிட்டார். ஹாமில்டனின் குவாட்டர்னியன் முறையை விடாமல் பிடித்திருந்த பேராசிரியர் டெய்ட், அதை விகாரப் பிறவி என்று ஏசினார். வெறும் குறியீட்டுச் சண்டை அல்ல இது. கணிதத்தின் அழகுக்கான மொழியா, மின்சாரத்தோடு வேலை செய்கிறவனுக்கான மொழியா என்பதே கேள்வி. இரண்டாவதுதான் நிலைத்தது.

எங்கே ஊற்று, எங்கே சுழற்சி என்று புள்ளி புள்ளியாகக் கேட்காமல் ‘அதிகாரப் புலம்’ என்று எழுதினால் அது வெறும் மந்திரம். அமைதியாக ஓடுவதாய்த் தோன்றும் இடத்திலும் சக்கரத்தை வைத்துப் பார்த்தாக வேண்டும். பார்த்ததைச் சாதாரண மொழியில் சொல்லவும் வேண்டும். ஃபாரடேயின் கேள்வி நமக்கும் சேர்த்துத்தான்.