மின்சார வண்டியின் ஆயுள்

பெட்ரோல் வண்டி வாங்கச் செல்பவர், "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பது வழக்கம். மின்சார வண்டி வாங்கச் செல்பவரோ, "பாட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதே. வண்டியின் விலையில் பெரும் பங்கு, ஆசனத்தின் அடியிலோ காலடிப் பலகையின் கீழோ மறைந்திருக்கும் அந்தப் பெட்டிக்கே உரியது. அது அகாலத்தில் பழுதுபட்டால், மாதச் சம்பளக் குடும்பத்தில் ஒரு வளையலாவது அடகுக் கடைக்குப் போக நேரிடும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் நம்மவர் கைகளாலேயே இவ்வண்டிகள் ஏராளமாக உருவாகி வரும் இந்நாளில், அவற்றைப் பேணும் முறையையும் நாம் அறிந்து வைத்திருத்தல் நலம்.

மோட்டாரைப் பற்றி அதிகக் கவலை வேண்டுவதில்லை. எண்ணெய் மாற்றுதல், கார்பன் சுரண்டுதல் முதலிய தொல்லைகள் அதற்கு இல்லை. தேய்வதற்கு அதில் இருப்பவை பேரிங்குகளே. டயர், பிரேக் கட்டை இவை எல்லா வண்டிகளுக்கும் பொதுவானவை. ஒன்று மட்டும் சொல்லுவோம்: டயரில் காற்றுக் குறைந்தால் பாட்டரியின் சக்தி வீணே செலவாகும்.

இனிப் பாட்டரி. மலிவான வண்டிகளில் பொருத்தப்பட்டு வந்த ஈயப் பாட்டரி ஒன்றிரண்டு வருஷங்களிலேயே களைத்துவிடும். 1991-ல் முதன்முதல் விற்பனைக்கு வந்த லித்தியம் பாட்டரியோ நெடுநாள் உழைப்பது. அதைச் செய்து காட்டிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பாட்டரிக்கு இரண்டு வகையில் மூப்பு வருகிறது. ஒன்று, உழைப்பினால் வருவது. முழுதும் நிரப்பி முழுதும் செலவழித்தால் ஒரு சுற்று. பாதி செலவழித்து நிரப்பினால் அரைச் சுற்றுத்தான். சுமார் 800 சுற்றுகள் தாங்கும் பாட்டரி, சுற்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடுமானால், மொத்தம் 64,000 கிலோமீட்டர் ஆகிறது. தினம் 25 கிலோமீட்டர் போய்வரும் குமாஸ்தாவுக்கு இது ஏழு வருஷ ஓட்டம். அதற்குப் பிறகும் பாட்டரி ஒரேயடியாக மடிந்துவிடாது. கொள்ளளவு எண்பது சதவீதமாகக் குறைந்ததும் அதை முதியது என்று கணக்கிடுவது மரபு. 80 கிலோமீட்டர் ஓடியது 64 ஓடும், அவ்வளவே.

மற்றொரு மூப்பு, சும்மா இருந்தாலும் வருவது. பாட்டரியினுள் இருக்கும் கரித் தகட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று நாளுக்கு நாள் தடித்து, லித்தியத்தைச் சிறிது சிறிதாக விழுங்கிக்கொண்டே இருக்கிறது. வெப்பமும் முழு நிறைவும் சேர்ந்தால் இந்தப் படலம் விரைந்து வளரும். ஆகவே, நூறு சதவீதம் நிரப்பிய வண்டியைச் சித்திரை வெயிலில் நாள் முழுதும் நிறுத்தி வைப்பதைவிடப் பெரிய கொடுமை அதற்கு வேறில்லை. வேப்ப மரத்து நிழல் காசு கேட்பதில்லையே!

தினசரி உபயோகத்துக்கு இருபதிலிருந்து எண்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது உத்தமம். தூரப் பயணத்துக்கு முன்பு மட்டும் முழுதும் நிரப்பலாம். சில ரகப் பாட்டரிகளுக்கு இடையிடையே முழுதும் நிரப்பவேண்டுமென்று கம்பெனிக் கைப்புத்தகம் கூறும். அங்ஙனமாயின் புத்தகத்தையே பின்பற்றுக. வெயிலில் ஓட்டி வந்தவுடன் பிளக்கைச் செருகாமல், காபி அருந்தி முடிக்கும் வரையிலாவது பாட்டரியை ஆறவிட வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பாதியளவு நிரப்பிவிட்டுப் போகட்டும். முற்றும் காலியாக மாதக்கணக்கில் கிடந்த பாட்டரி மீண்டும் எழுந்திராமலே போகக்கூடும்.

ஆயுள் என்றபோது வண்டியின் ஆயுளை மட்டும் நினைத்தால் போதாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் இருந்த மின்சார வண்டி தீப்பற்றியதால் எழுந்த புகையில் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். பிறகு சர்க்கார் பாட்டரிப் பரிசோதனை விதிகளைக் கடுமையாக்கியது. ஆனால் நம் வீட்டுக்குள் வந்து எந்தச் சர்க்காரும் காவல் இருக்க முடியாது. வாசலையோ மாடிப்படியையோ மறித்து வண்டியை நிறுத்திச் சார்ஜ் செய்யலாகாது; தீ எழுந்தால் வெளியேற வழி அதுவே. எல்லோரும் உறங்கும் நேரத்தைத் தவிர்த்து, விழித்திருக்கும்போதே அதை முடித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி சார்ஜரை விட்டு, பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று வேறொன்றை வாங்குவது சிக்கனமே அல்ல. எர்த் இல்லாத பிளக்கும், நீண்ட இரவல் ஒயரும் ஆகா. பாட்டரி உப்பினாலும், விநோதமான வாடை வீசினாலும், அளவுக்கு மீறிச் சுட்டாலும் உடனே நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.பி. 67 என்று முத்திரையிட்ட பாட்டரி, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதே பொருள். 2023 டிசம்பரில் சென்னையில் வந்தது போன்ற வெள்ளத்தில் நாட்கணக்கில் ஊறுவதற்கு அது உறுதிமொழி அல்ல. மூழ்கிய வண்டி வெளியே காய்ந்தது போலத் தோன்றினாலும், பரிசோதனை ஆகும் வரை சாவி போடவோ சார்ஜ் செய்யவோ கூடாது.

ஓய்ந்த பாட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர் அதைச் சுத்தியால் பிளந்தால் விபரீதம்தான். 2022-ல் வந்த விதிகளின்படி, பாட்டரி தயாரிப்பவர்களே பழையதைத் திரும்பப் பெற்று அப்புறப்படுத்தப் பொறுப்பாளிகள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொள்ளலாம்.